பனியன் குல்லா போட்ட அமெரிசியம்

ஜூலை 8, திங்கள்

காலையில் கரண்ட் இல்லை. ஒன்பதரைக்குத்தான் மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. திருப்பூர் நல்லூரில் இது எழுதி வைக்கிற விஷயமே இல்லை. எழுத வேண்டியது வேறு.

என் அக்கா மகன் யாசின், இந்த யூனிட்டின் முதலாளி, என் தோளில் ஏறி வளர்ந்தவன், அமெரிக்க ஆர்டர் ஒன்று பிடித்திருக்கிறான். குழந்தைகள் டி-சர்ட். அவன் பிடித்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஸ்டோரில் அட்டைப் பெட்டி அடுக்கி வைத்திருந்த அழகைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்க வந்தவர் தலையாட்டினார் என்பது எனக்கும் அந்தப் பெட்டிகளுக்கும் தெரியும். போகட்டும்.

அமெரிக்காக்காரர்கள் அனுப்பும் ஆள் இருபத்தொன்பதாம் தேதி ஆடிட்டுக்கு வருகிறார். அதற்காக என்னை சேஃப்டி இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறான். பச்சைக் கோட்டு ஒன்றும் கொடுத்தான். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்குப் பச்சைக் கோட்டு! (படிப்பு வராமல் விடவில்லை. வாத்தியார் எனக்குச் சொல்லிக் கொடுக்க மீதி எதுவும் இல்லை.)

கூரையில் பதினான்கு புகை அலாரம் இருக்கிறது. எங்களுக்கு முன்னால் இந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் மாட்டிவிட்டுப் போனவை. இட்லி மாதிரி வெள்ளையாக, உப்பலாக. அதைச் சுத்தம் செய்து பார்க்க மோகன்ராஜ் வந்தார். தீயணைப்புச் சாமான் வேலை செய்பவர். ஒன்றைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அடியில் மஞ்சள் ஸ்டிக்கர், மூன்று இறக்கைப் படம்.

"ஏன் மோகன்ராஜ், உள்ள ஃபேன் கூட இருக்குதா?"

"ஃபேன் இல்லீங்க பாய். கதிர்வீச்சுக் குறிங்க அது. உள்ள அமெரிசியம்னு ஒரு மெட்டல் இருக்குது. ரேடியோ ஆக்டிவ்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பார்க்காமல் விடலாமா? அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தெறக்கவே கூடாதுங்க பாய். மேல மாட்டியிருந்தா ஒண்ணும் பண்ணாது. நோண்டித் தூள் கீள் உள்ள போச்சுன்னாத்தான் வம்பு. கெட்டுப் போனாக்கூட குப்பையில போட முடியாதுங்க, செஞ்ச கம்பெனிக்கே திருப்பி அனுப்போணும்."

குப்பையில் போட முடியாத சாமான்! இப்படி ஒரு மரியாதை எங்கள் யூனிட்டில் வேறு எதற்கும் கிடையாது. யாசினுக்குக் கூட.

ஜூலை 9, செவ்வாய்

மகள் ரிஃபானாவுக்குப் போன் போட்டேன். உடுமலைப்பேட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம், அங்கேயே பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். அறிவு என் பக்கத்திலிருந்து போனது. ஒரு மணி நேரம் பேசினாள். (இருபது நிமிடம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு உண்டான விஷயம்.)

மறக்காமல் இருக்க எழுதுகிறேன்.

அமெரிசியம் மண்ணிலிருந்து தோண்டி எடுப்பது இல்லை. மனுஷன் செய்தது. புளூட்டோனியத்தை அணு உலைக்குள் வைத்து அதிலிருந்து பிறக்க வைப்பது. வெள்ளி மாதிரி வெள்ளையாக இருக்குமாம். முதன்முதலில் அதையும் அதன் கூடப்பிறந்த இன்னொன்றையும் பிரிக்க முடியாமல் அந்த விஞ்ஞானிகள் தவித்த தவிப்பில் அதற்குப் பேய்க்கூத்து என்கிற மாதிரிப் பட்டப் பெயரே வைத்துவிட்டார்களாம். சிக்கு விழுந்த நூல் கோனோடு காலை முழுக்க மல்லாடிய எனக்கு அந்தப் பெரிய மனுஷர்களின் கஷ்டம் புரிகிறது.

தனிமங்களை எல்லாம் கட்டம் போட்டு அடுக்கியிருக்கிறார்களாம். அதில் யூரோப்பியம் என்று ஒன்று. ஐரோப்பாவின் பெயர். அதற்கு நேர் கீழ் வீட்டில் இது. அதனால் அமெரிக்காவின் பெயர். மேலே ஐரோப்பா, கீழே அமெரிக்கா. இதற்கு மேல் என்ன வேண்டும்? திருப்பூர் சரக்கு போகிற இரண்டு தேசமும் ஒரே பத்தியில் நிற்கிறது.

கண்டுபிடித்ததும் சண்டைக் காலம் என்று ரகசியமாக வைத்திருந்தார்கள். பிறகு குழந்தைகள் ரேடியோ நிகழ்ச்சி ஒன்றில் ஒரு பொடியன் கேள்வி கேட்க, கண்டுபிடித்தவரே வாய் தவறாமல், வாய் நிறையச் சொல்லிவிட்டாராம், பெரிய சபையில் சொல்வதற்கு முன்னாலேயே. எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துவிட்டது.

"அலாரத்துக்குள்ள என்ன பண்ணுதும்மா அது?"

"அத்தா, உங்க நிட்டிங் மெஷின்ல நூல் அறுந்தா என்ன ஆகும்?"

"லைட் எரியும். மெஷின் நிக்கும்."

"அதேதானுங்க அத்தா. அந்த மெட்டல் ஆல்பாக் கதிரை விட்டுட்டே இருக்கும். அது பட்டுக் காத்துலயே மெல்லிசா கரண்டு ஓடும், நூலாட்டம். புகை உள்ள போனா அந்த நூல் தளரும். ஒடனே அலாரம் கத்தும்."

முப்பது வருஷம் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தேன். காற்றில் நூல் ஓடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவனை டீ வாங்க அனுப்பியிருப்பேன். இங்கே கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு, ஒரே ஒரு கிராமை வைத்து முப்பது லட்சம் அலாரம் செய்யலாமாம், ராப்பகலாகக் காற்றில் நூல் ஓட்டிக்கொண்டு கூரையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் பலம் பாதியாகக் குறையவே 432 வருஷம். லீவ் இல்லை, ஓவர்டைம் கேட்பதில்லை.

கதிர் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாதாம். அவ்வளவு பலசாலி, அவ்வளவு சாது.

ஜூலை 10, புதன்

432. இந்த எண் எதற்கு என்று இன்று பத்துப் பேரிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. நல்ல நாள்.

ஜூலை 11, வியாழன்

டீ டைமில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினேன். சேஃப்டி இன்சார்ஜ் பேச வேண்டும் அல்லவா? கோட்டைப் போட்டுக்கொண்டுதான்.

ரிஃபானா சொன்னதைச் சொன்னேன். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் மசாலா. வெறும் சோற்றை யார் சாப்பிடுவார்கள்? அணுகுண்டின் பெரியப்பா மகன் நம் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறான் என்றேன். ஒரு சிட்டிகை இருந்தால் உடுமலைக் காற்றாலை அத்தனையையும் கழற்றிப் போட்டுவிடலாம் என்றேன். 432 வருஷத்துக்கு மழை மாதிரி கதிர் இறங்கிக்கொண்டே இருக்கும் என்றேன்.

கூட்டிப் பெருக்கும் கருப்பாத்தாள் விளக்குமாற்றைச் சாத்திவிட்டுக் கேட்டது. "மழையாட்டம் எறங்குதுங்களா பாய்? அப்ப நாளையிலிருந்து நானு கொடை புடிச்சுட்டுத்தான் கூட்டோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். செக்கிங் டேபிள் அன்புசெல்வி மட்டும் சிரிக்கவில்லை. கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சயின்ஸில் அவ்வளவு ஆர்வம் போல. இப்படி ஒரு ஆள் கேட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

ஜூலை 12, வெள்ளி

பஞ்சுத் தூசி ஏறிப் பதினொன்றாம் நம்பர் அலாரம் சும்மாவே கத்தியது. எல்லோரும் வெளியே ஓடி, திரும்ப வந்து உட்கார இருபது நிமிடம். யாசின் முகம் சரியில்லை. மோகன்ராஜ் வந்து ஊதித் துடைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 13, சனி

அன்புசெல்வி வரவில்லை.

ஜூலை 15, திங்கள்

அன்புசெல்வி வந்தது. வந்ததும் தன் டேபிளை இழுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டு ஓரம் போட்டது. அங்கே வெளிச்சமே இல்லை. அங்கே உட்கார்ந்தால் கறையும் தெரியாது, ஓட்டையும் தெரியாது. அது போனதும் செக்கிங்கில் மற்ற மூன்று பேரும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

போய்க் கேட்டேன்.

"ஏன் கண்ணு, இங்க வந்து இருட்டுல உக்காந்திருக்கறே?"

"ஏனுங்க மாமா, அந்தக் கதிரு வயித்துக்குள்ள போகுமுங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம், இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இது யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றபோது மட்டும் தெரியவில்லை.

"போகாது கண்ணு. ஒரு காயிதத்தைக் கூடத் தாண்டாது."

"மழையாட்டம் எறங்கும்னீங்க."

"அது... சும்மா அழகுக்குச் சொன்னது."

"அணுகுண்டுக்குச் சொந்தம்னீங்களே. அதும் அழகுக்குங்களா?"

இல்லை, அதில் கொஞ்சம் நிஜம் என்றேன். அது போதாதா? துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டது. "வூட்டுக்காரரு வேலையே வேண்டாம்ங்கறாரு மாமா. இந்த மாசத்தோட நின்னுக்கறனுங்க."

நான் சொன்ன பொய்யை நம்பியது. நான் சொன்ன உண்மையை நம்பவில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்துதானே வந்தது?

யாசின் ஸ்டோருக்குள் வந்து கதவைச் சாத்தினான். "மாமா, உங்களை ஆடிட் ஃபார்ம்ல கையெழுத்துப் போடத்தான் வெச்சேன். பிரசங்கம் பண்ணச் சொன்னனா? செக்கிங் நின்னுபோச்சு. அந்தப் பொண்ணு கண்ணுல தப்பி ஒரு ஓட்டை போகாது. அது நின்னா ஆர்டரு போச்சு."

சாப்பாடு இறங்கவில்லை. (இரண்டு சப்பாத்தி இறங்கியது.)

ஜூலை 16, செவ்வாய்

விடிகாலைத் தொழுகை முடிந்து வரும்போது யோசனை பளிச்சென்று வந்தது. பெரிய பெரிய ஆட்களுக்கு இப்படித்தான் வருமாம்.

காகிதம் தடுக்கும் என்றால் பனியன் துணி தடுக்காதா?

ஜூலை 17, புதன்

ஆஷுரா நோன்பு. நோன்பில் பொய் பேசக் கூடாது என்பதால் யாரிடமும் அதிகம் பேசவில்லை. என் மனைவி சாயிரா பானு நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

ஜூலை 18, வியாழன்

செய்துவிட்டேன். வெட்டியது போக மீந்த இன்டர்லாக் துணி, குழந்தைகள் ஆர்டர் துணி என்பதால் பூ மாதிரி மெத்தென்று இருக்கும். இரண்டு மடிப்பு. வட்டமாக வெட்டி, விளிம்பு பிரியாமல் ஓவர்லாக் தையல் போட்டு, ஓரத்தில் எலாஸ்டிக். நானே தைத்தேன். பதினான்கு குல்லா. மஞ்சளில் ஏழு, இளம்பச்சையில் ஏழு. ஏணி போட்டு ஏறிப் பதினான்குக்கும் மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. கூரையில் பதினான்கு குழந்தைகள் தலைகீழாகத் தூங்குகிற மாதிரி இருந்தது.

செக்கிங் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். துணியை அன்புசெல்வியே தொட்டுப் பார்த்தது. "ரெண்டு மடிப்புங்களா?" என்றது. ஆமாம் என்றேன். போய் டேபிளை இழுத்து வந்து பழைய இடத்தில் போட்டது.

வாயால் முடியாததைத் துணியால் முடித்தேன். கண்ணால் பார்த்ததை நம்புகிறார்கள். திருப்பூர்க்காரன் எதையும் பனியன் போட்டே தீர்ப்பான்.

ஜூலை 22, திங்கள்

இப்போது பஞ்சுத் தூசியும் உள்ளே போவதில்லை. நான்கு நாளாக ஒரு அலாரம் கூடச் சும்மா கத்தவில்லை. யாசினே மேலே பார்த்து, "என்னமோ மாமா, தொல்லை விட்டுது" என்றான். என் மருமகன் வாயிலிருந்து பாராட்டு வருவது கோடை மழை.

உலகத்திலேயே அமெரிசியத்துக்குப் பனியன் தைத்த முதல் ஆள் நான்தான். இதில் உப்பு மசாலா எதுவும் இல்லை. விசாரித்துப் பார்க்கட்டும்.

போட்டோ எடுத்து ரிஃபானாவுக்கு அனுப்பினேன். பரீட்சை வேலை போல, இன்னும் பார்க்கவில்லை.

ஜூலை 24, புதன்

ரிஃபானாவின் பதில். ஒரே வரி.

"அத்தா, கதிர் வெளிய வராது, சரி. புகை எப்படி உள்ள போகும்?"

படித்துவிட்டு ஸ்டோரில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

முப்பது வருஷம் ஃபிட்டரா இருந்தவன். நூல் அறுந்தாத்தான் மெஷின் நிக்கும்னு தெரிஞ்சவன். அறுக்கற கையையே கட்டி வெச்சிருக்கேனே. அட அல்லாவே, இது கூடத் தோணலையா எனக்கு?

ஜூலை 25, வியாழன்

பதினோரு குல்லாவைக் கழற்றி, வெட்டுத்துணி போடுகிற பிட்டுப் பெட்டியில் போட்டுவிட்டேன். தூசி தட்டக் கழற்றுகிறேன் என்று சொன்னேன்.

செக்கிங் டேபிளுக்கு மேலே இருக்கிற மூன்றை மட்டும் கழற்றவில்லை. ஏணியோடு பக்கத்தில் போனேன். அன்புசெல்வி ஒரு கையால் வயிற்றைத் தொட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தது. ஏணியை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிறன்று யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது கழற்றிவிட்டு, பிறகு வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். ஆடிட்டும் திங்கள்தானே. மூன்று நாளில் என்ன ஆகிவிடும்?

ஜூலை 27, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொன்றே காலுக்குத் தீ. செக்கிங் டேபிளுக்குப் பின்னால் சுவரில் இருக்கிற சுவிட்ச் போர்டு. அதற்குள் பஞ்சு சேர்ந்திருக்கிறது. பொறி விழுந்து கீழே இருந்த பாலிதீன் கவர் கட்டு, அப்புறம் மடித்து வைத்த பீஸ் என்று பற்றிக்கொண்டது. அன்புசெல்வி அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது. நடுவில் பண்டல் உயரமாக அடுக்கியிருந்ததால் மற்றவர்கள் யாருக்கும் தெரியவில்லை. மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்காது.

அதன் தலைக்கு நேர் மேலே இருந்த அலாரம் கத்தவில்லை.

முப்பது அடி தள்ளி அயர்ன் டேபிள் மேலே இருந்ததுதான் கத்தியது. வியாழக்கிழமை நான் குல்லா கழற்றியது. புகை அங்கே போய்ச் சேருகிற வரை இங்கே யாருக்கும் தெரியாது. எவ்வளவு நேரம்? ஒரு நிமிடம்? இரண்டு?

நான் பாய்ந்து போய்த் தீயணைப்புச் சிலிண்டரை எடுத்து அடித்துத் தீயை அணைத்தேன்.

இல்லை. மேலே உள்ள வரியை அடித்துவிட்டு எழுதுகிறேன். சிலிண்டரை எடுத்து அடித்தது லைன் சூப்பர்வைசர் நிர்மலா. நான் அதன் பூட்டுப் பின்னை இழுக்கத் தெரியாமல் நின்றேன். அன்புசெல்வியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது கருப்பாத்தாளும் இன்னொரு பெண்ணும். நான் செய்தது ஒன்றே ஒன்று. எல்லோரும் வெளியே இருந்தபோது, புகை அடங்கியதும், டேபிள் மேலே ஏறி அந்த மூன்று குல்லாவையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்?

அன்புசெல்விக்கு இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்.

யா அல்லா, அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது.

ஜூலை 28, ஞாயிறு

குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். தாய்க்கும் மூச்சு சரியாகிவிட்டது. நாளை வீட்டுக்கு அனுப்புவார்கள். அல்ஹம்துலில்லாஹ். நூறு தடவை சொன்னேன். எண்ணிக்கொண்டு சொன்னேன், நூறுதான்.

யாசின் ஆடிட்டை இரண்டு வாரம் தள்ளிக் கேட்டு வாங்கிவிட்டான். குல்லா எல்லாம் வியாழக்கிழமையே கழற்றியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மத்தியானம் என் எதிரிலேயே மோகன்ராஜுக்குப் போன் போட்டுக் கத்தினான். "செத்துப்போன அலாரத்தை நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கீங்க. ஒரு உசுரு போயிருக்கும். ரெண்டு உசுரு! நாளைக்கு வந்து உங்க சாமானை எடுத்துட்டுப் போயிருங்க. இந்த ரோட்டுல ஒரு யூனிட்லயும் நீங்க வேலை பாக்க முடியாது."

நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய் இருக்கிறது. பேசத்தான் தெரியும் என்று ஊருக்கே தெரியும். ஒரு வார்த்தை வரவில்லை.

சாயங்காலம் சாயிரா பானு துவைக்கச் சட்டையை எடுத்தாள்.

"ஏனுங்க, சட்டைப் பையில என்னங்க இது?"

"கர்ச்சீப்."

எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். முப்பத்தி மூன்று வருஷமாக என் பேச்சைச் சலித்து எடுத்துக்கொண்டிருப்பவள். மூன்றையும் மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"சொல்றதுன்னா நாளைக்கே சொல்லீருங்க. நாள் போனா இதுக்கும் நீங்க கதை கட்டீருவீங்க."

ஜூலை 29, திங்கள்

மோகன்ராஜ் வந்தார். முகம் கழுவாத மாதிரி இருந்தது. ஏணி போட்டு ஏறினார். கையில் சோதனைப் புகை அடிக்கிற சின்ன டப்பா. அன்புசெல்வி டேபிளுக்கு மேலே இருக்கிற அந்த அலாரத்துக்குக் கீழே பிடித்து ஒரு அமுக்கு.

நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

கத்தியது. கட்டடமே அதிரக் கத்தியது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும்.

மோகன்ராஜ் ஏணியில் நின்றபடியே யாசினைப் பார்த்தார். "சாவலீங்களே" என்றார். "நல்லாத்தான் இருக்குதுங்க. அன்னைக்கு ஏன் கத்தலைன்னு எனக்குத் தெரியலீங்க. எனக்கே தெரியலீங்க."

அந்த மெட்டல் அன்றைக்கும் உள்ளே நூல் ஓட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு நொடி நிறுத்தவில்லை. என்னை விட அதற்கு நேர்மை அதிகம். புகை இருந்தால் இருக்கிறது என்கிறது. கூட ஒன்று சொல்வதில்லை, குறைத்து ஒன்று சொல்வதில்லை. அதன் வாயைத்தான் நான் மூடினேன்.

மூன்று குல்லாவையும் எடுத்துச் செக்கிங் டேபிள் மேலே வைத்தேன். ஒரு மஞ்சள், இரண்டு பச்சை. புகைக் கறையோடு.

"நான் போட்டது. புதன்கிழமையே தப்புன்னு தெரியும். மத்ததைக் கழட்டிட்டு இதை விட்டுட்டேன். மோகன்ராஜ் மேல தப்பில்லை."

அவ்வளவுதான் சொன்னேன். என் வாழ்நாளில் இவ்வளவு சின்னதாகப் பேசியதில்லை.

யாசின் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "கோட்டைக் கழட்டுங்க மாமா" என்றான். கழற்றினேன். நிர்மலா கையில் கொடுத்தான். அதற்குச் சரியாக இருந்தது.

பிறகு மோகன்ராஜிடம் போய், "மன்னிச்சுக்கோங்கண்ணா, நேத்து ரொம்பப் பேசிட்டேன்" என்றான். மோகன்ராஜ் ஏணியை மடக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "கேட்டிருந்தாத் தூசிக்கு நானே வழி சொல்லியிருப்பனுங்களே பாய்" என்றார். அதோடு விட்டுவிட்டார். அது திட்டை விட வலித்தது.

ஆகஸ்ட் 3, சனி

சாயிராவோடு அவிநாசிபாளையம் போனேன். அன்புசெல்வி வீடு ரோட்டோரம்தான். வீட்டுக்காரர் அப்புசாமி நாற்காலி போட்டார். முகம் கொடுத்துப் பேசவில்லை. நியாயம்தான்.

குல்லா விஷயத்தை நானே சொன்னேன். அதற்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கருப்பாத்தாள் சொல்லிவிட்டதாம்.

"இப்பவாவது நெசத்தைச் சொல்லுங்க மாமா. அந்த மெட்டலு என்னதான் பண்ணும்?"

"ரவையில நூத்துல ஒரு பங்கு கூட இருக்காது கண்ணு. அதோட கதிரு அந்த டப்பாவை விட்டு வெளிய வர்றதே இல்லைங்கற அளவுதான். வருஷம் பூரா அதுக்குக் கீழ உக்காந்தாலும், நம்ம ஊரு மண்ணும் கல்லும் குடுக்கறதை விட ரொம்பக் கம்மி. ஒடச்சுத் தூளை முழுங்கினாத்தான் கெடுதல். புகை வந்தா சத்தம் போடும். அதுக்குத்தான் வெச்சிருக்குது."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான் கண்ணு."

"இதை அன்னைக்கே இப்புடிச் சொல்லியிருந்தீங்கன்னா நானு டேபிளை நகத்தியே இருக்க மாட்டனுங்களே."

எனக்கு அழுகை வந்தது. சாயிரா முன்னால் அழுதால் பல வருஷம் சொல்லிக் காட்டுவாள் என்று அடக்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது அப்புசாமி வாசல் வரை வந்தார். "வியாழக்கெழமையிலிருந்து வேலைக்கு வருமுங்க" என்றார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆடிட் முடிந்தது. பாஸ். நிர்மலாதான் கோட்டுப் போட்டுக்கொண்டு சுற்றிக் காட்டியது. சுவிட்ச் போர்டு எல்லாம் புதிது. அலாரத்துக்கு மாதம் ஒருமுறை தூசி ஊத மோகன்ராஜ் வருகிறார்.

ஆடிட்டர் மேலே காட்டி, இதன் ஆயுள் என்ன என்று கேட்டார். "பெட்டிக்குப் பத்து வருஷம் சார், அப்புறம் கம்பெனிக்கே திருப்பி அனுப்பீருவோம்" என்றது நிர்மலா. சரியான பதில். நான் ஸ்டோருக்குள் இருந்தேன். உள்ளே இருக்கிறதுக்கு 432 என்று சொன்னேன். மெதுவாகத்தான். அட்டைப் பெட்டிகளுக்கு மட்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ரிஃபானா சொன்னாள்: சூரியன் எட்டாத தூரத்துக்குப் போகிற விண்கலங்களுக்கு அமெரிசியத்தை வைத்தே பேட்டரி செய்யலாம் என்று முயற்சி நடக்கிறதாம். அதன் சூடே கரண்டாகுமாம். கண்ணாடித் தகட்டின் கனம் அளக்கவும் வைத்திருக்கிறார்களாம். எங்கள் கூரையில் இருந்துகொண்டே என்னென்ன உத்தியோகம் பார்க்கிறது பார்.

யாரிடமும் சொல்லவில்லை. கருப்பாத்தாளிடம் மட்டும். அதுவும் அப்படியே, எதுவும் சேர்க்காமல். "இதுலயே எவ்வளவு இருக்குதுங்க பாய், எதுக்கு மேல சேக்கோணும்?" என்றது.

டிசம்பர் 1, ஞாயிறு

அன்புசெல்விக்குப் பெண் குழந்தை. எட்டு நாள் ஆகிறது. சாயிராவும் நானும் போய்ப் பார்த்தோம். குழந்தை தலையில் மஞ்சள் குல்லா. எலாஸ்டிக் வைத்தது.

குல்லாவைத் தொட்டுப் பார்த்தேன். அன்புசெல்வி சிரித்தது. "பிட்டுப் பெட்டியில கெடந்த நல்லது நாலு எடுத்தாந்தனுங்க மாமா. மேல பாத்தப்பவே நெனச்சேன், புள்ளத் தலைக்கு அளவாட்டம் இருக்குதுன்னு. நாலு வாட்டி தொவச்சாச்சு."

அப்புசாமி தொட்டிலுக்கு மேலே கூரையைக் காட்டினார். "ஏனுங்க பாய், அந்தாட்டம் ஒண்ணு இங்க மாட்டறதுக்குக் கெடைக்குமுங்களா? அடுப்பு பக்கத்துலயே இருக்குது."

பத்து கொண்டு வந்து மாட்டுகிறேன், அமெரிக்காவிலிருந்தே வரவழைக்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது.

"அந்த வகை வூட்டுக்கு வேண்டாம்ங்க. உள்ள மெட்டல் இல்லாம வெளிச்சத்துலயே வேலை செய்யறது ஒண்ணு இருக்குது. மோகன்ராஜைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

வரும் வழியிலேயே கேட்டேன். வெள்ளிக்கிழமை வந்து மாட்டுகிறாராம்.

குழந்தை மூன்றரைக் கிலோ.

இல்லை. இரண்டு கிலோ தொள்ளாயிரம்.